எதில் எத்தனை விழுக்காடு?

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் எங்கு நோக்கினும் தள்ளுபடி அறிவிப்புகளே கண்ணிற்படுகின்றன. பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு, ஐம்பது விழுக்காடு என்று எழுத்துகள் பெருத்துக்கொண்டே போகின்றன. கையில் பையோடு அக்கடைகளுக்குள் நுழையும் நம் வீட்டுப் பெண்மணிகள் எவரும் விழுக்காட்டைக் கண்டு அஞ்சுவதில்லை. 1,200 ரூபாய்ப் புடைவைக்கு 15 விழுக்காடு போனால் எவ்வளவு என்று கேட்டால், நூற்றுக்குப் பதினைந்து, ஆயிரத்துக்கு நூற்றைம்பது, இருநூறுக்கு முப்பது, ஆக 180 போக 1,020 என்று கடைக்காரர் கணிப்பொறியைத் தட்டுவதற்கு முன்பே கூறிவிடுகின்றனர். ஆனால் அதே கணக்கு ஒரு போட்டித் தேர்வின் வினாத்தாளில் அச்சாகி வந்துவிட்டாலோ, மூன்றாண்டுகள் கல்லூரியில் இலக்கியம் பயின்று பட்டம் பெற்ற இளைஞரும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றார். கடைவீதியில் எளிதாக இருந்தது தேர்வுக்கூடத்தில் ஏன் கடினமாகிவிடுகிறது? இவ்வினாவைத் தமிழ்த்துறையின் மலரில் எழுப்புவது பொருத்தமன்று என்று சிலர் கருதக்கூடும். நாமோ, இவ்வினாவை எழுப்புவதற்குத் தமிழ்த்துறையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்று கருதுகின்றோம். தள்ளுபடிக் கணக்கில் நம் மாணவர் தோற்பது பெரும்பாலும் எண்ணில் அன்று; சொல்லில்தான் என்பது நம் துணிபு.

வாயிலில் நிற்கும் கணக்கு

தமிழ் பயின்ற மாணவர்க்கு அரசுப் பணியின் வாயிலாக அமைந்திருப்பது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி நான்கு தேர்வு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குரிய அடிப்படைத் தகுதி. 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நடந்த அத்தேர்வுகளில் மொத்தம் 200 வினாக்கள்; 300 மதிப்பெண்கள். அவற்றுள் 100 வினாக்கள் தமிழ். 75 வினாக்கள் பொது அறிவு. எஞ்சிய 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கும். அந்த இருபத்தைந்தின் பாடத்திட்டத்தில் விழுக்காடு தனித் தலைப்பாகவே இடம்பெற்றுள்ளது. ஒன்றிய அரசின் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் இலாப நட்டமும் தள்ளுபடியும் பெயர் சுட்டியே பாடத்திட்டத்தில் கூறப்பட்டுள்ளன. வங்கித் தேர்வுகளிலும் இவை இல்லாத வினாத்தாளைக் காண்பது அரிது.

தமிழில் நூற்றுக்குத் தொண்ணூறு வினாக்களுக்குச் சரியாக விடையளிக்கும் ஆற்றல் நம் துறை மாணவர்க்கு உண்டு. ஆயினும் அதே ஆற்றலுடைய வேறொருவர் கணக்கில் 20 வினாக்களுக்கு விடையளித்து, நம்மவர் 8 வினாக்களோடு நின்றுவிட்டால், வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 18 மதிப்பெண்கள் பின்தங்கிவிடுகிறார். இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில், அரை மதிப்பெண்ணுக்குள் பலர் நெருங்கி நிற்கும் இடத்தில், பதினெட்டு மதிப்பெண் என்பது ஒரு குடும்பத்தின் எதிர்காலம். விடைத்தாளில் "விடை தெரியவில்லை" என்பதற்கென ஒரு வட்டம் அச்சிடப்பட்டிருக்கிறது. தொகையும் விரியும் அறிந்த மாணவர், தள்ளுபடிக் கணக்கு வந்த இடத்தில் அவ்வட்டத்தைக் கருமையாக்கிவிட்டு நகர்வது நம்மால் ஏற்றுக்கொள்ளத்தக்கது அன்று.

மூன்று விலையும் இரண்டு அடிப்படையும்

தள்ளுபடிக் கணக்கில் வருவன மூன்றே விலைகள். வணிகர் தாம் வாங்கியதற்கும், கொண்டு வந்து சேர்த்ததற்கும் செலவிட்டது அடக்க விலை. அட்டையில் எழுதி ஒட்டியது குறித்த விலை. வாங்குபவர் உண்மையில் கொடுத்தது விற்ற விலை. எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடநூல் வாழ்வியல் கணிதம் என்னும் இயலில் இவற்றை நன்கு விளக்கியுள்ளது. ஆக, இது நாம் ஏற்கெனவே படித்துக் கடந்த பாடமேயன்றிப் புதியதன்று.

அவ்விலைகளுக்கு இடையே விழுக்காடுகள் இரண்டு நடமாடுகின்றன. இலாபமும் நட்டமும் அடக்க விலையின் மீது கணக்கிடப்படும். தள்ளுபடி குறித்த விலையின் மீது கணக்கிடப்படும். இவ்விரண்டு வழக்குகளையும் உள்ளத்தில் பதித்துக்கொண்டால் கணக்கின் பாதி முடிந்துவிடுகிறது. 20 விழுக்காடு என்னும் சொல்லுக்குத் தனியே மதிப்பு ஏதுமில்லை. நூறில் அது இருபது. ஆயிரத்தில் அது இருநூறு. ஐந்தில் அது ஒன்று. எனவே விழுக்காட்டைக் கண்டவுடன் மாணவர் எழுப்ப வேண்டிய முதல் வினா "எவ்வளவு?" என்பதன்று, "எதில்?" என்பதே. அவ்வொரு வினாவை எழுப்பாமையே எல்லாத் தவறுகளுக்கும் வித்தாக அமைகிறது.

உருபு காட்டும் வழி

"எதில்?" என்னும் வினாவுக்கு விடை சொல்வது எண் அன்று, வேற்றுமை உருபு. இங்கேதான் தமிழ் மாணவர் தலைநிமிர்ந்து நிற்க இடமிருக்கிறது.

விலை 400 ரூபாய் குறைந்தது என்பதும், விலை 400 ரூபாயாகக் குறைந்தது என்பதும் ஒன்றல்ல. முன்பு 1,000 ரூபாயாக இருந்த பொருள், முதல் தொடரின்படி இப்போது 600 ரூபாய். இரண்டாம் தொடரின்படி 400 ரூபாய். "ஆக" என்னும் ஈரெழுத்துச் சொல் 200 ரூபாய் வேறுபாட்டைத் தன்னுள் அடக்கி நிற்கிறது. அவ்வாறே, விலை 20 விழுக்காடு குறைந்தது என்றால் எஞ்சியது 800. 20 விழுக்காடாகக் குறைந்தது என்றால் எஞ்சியது 200. அவசரமாகப் படிப்பவர் கண்ணில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வினாத்தாள் அமைப்போர் இதனை நன்கறிவர்.

நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு இல், இன் என்னும் உருபுகளைக் கூறி, நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது எனப் பொருள்களையும் வகுத்துள்ளது. "குறித்த விலையில் 20 விழுக்காடு தள்ளி" என்னும் தொடரில் ஒரு பகுதி தன் முழுமையிலிருந்து நீங்குகிறது. நீங்குவதற்கு நிலைக்களம் எதுவோ அதுவே நூறு. "அடக்க விலையைவிட 25 விழுக்காடு கூடுதலாக" என்னும் தொடரிலோ இரண்டு விலைகள் ஒப்பிடப்படுகின்றன. "விட" என்னும் சொல்லுக்கு முன்னே நிற்பதே நூறு. உருபும் சொல்லுருபும் எந்தப் பெயரோடு ஒட்டி நிற்கின்றனவோ அந்தப் பெயரின்கீழ் ஒரு கோடிட்டு, அதனை நூறு என்று எழுதிக்கொள்வார்க்குக் கணக்கு வழிவிடுகிறது.

சில இடங்களில் உருபு வெளிப்படையாக வாராது. "வணிகர் 20 விழுக்காடு இலாபம் அடைந்தார்" என்னும்போது எதில் என்பது கூறப்படவில்லை. பொற்குடம் என்னும் தொடரைப் பொன்னால் செய்யப்பட்ட குடம் என்று விரித்துப் பொருள்கொள்ளும் நம் மாணவர், "20 விழுக்காடு இலாபம்" என்பதையும் "அடக்க விலையில் 20 விழுக்காடாக அமைந்த இலாபம்" என்று விரிக்கத் தெரிந்தவர்தாமே! வழக்கு நோக்கித் தொகையை விரிக்க வேண்டும். வெளிப்படையாக வேறு கூறப்பட்டிருந்தால் அதனையே கொள்ள வேண்டும். "விற்ற விலையில் 20 விழுக்காடு இலாபம்" என்று வினா கூறிவிட்டால், விற்ற விலை 100, இலாபம் 20, அடக்கம் 80 ஆகிவிடும். அடக்கத்தை நோக்க அவ்விலாபம் 25 விழுக்காடு. ஒரே இலாபத்துக்கு இரண்டு விழுக்காடு, இரண்டும் மெய். வேறுபாடு உருபில் இருக்கிறது.

வழுக்கும் இடங்கள்

இத்தகைய வினாக்களில் மாணவர் வழுக்கும் இடங்கள் எண்ணிக்கையில் மிகச் சிலவே. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, பின்னோக்கிச் செல்லும் கணக்கு. "20 விழுக்காடு தள்ளுபடிக்குப் பின் ஒரு கடிகாரம் 960 ரூபாய்க்கு விற்கப்பட்டது, குறித்த விலை யாது?" என்பது வினா. 960இல் 20 விழுக்காடு 192. இரண்டையும் கூட்டி 1,152 என்று விடை குறிப்போர் பலர். அந்த 1,152 நான்கு விடைகளுள் ஒன்றாக அங்கே காத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. தள்ளுபடி நீங்கியது 960இலிருந்து அன்று, குறித்த விலையிலிருந்து. குறித்த விலை நூறாயின் 960 என்பது அதன் எண்பது. எண்பதுக்கு 960 என்றால் ஒன்றுக்கு 12, நூறுக்கு 1,200. ஐயமிருப்பின் விடையை வினாவுக்குள் இட்டுப் பார்க்கலாம். 1,200இல் 240 போனால் 960; வினாவோடு பொருந்துகிறது. 1,152இல் 20 விழுக்காடு போனால் 921 ரூபாய் 60 காசு, பொருந்தவில்லை. விடைகள் கொடுக்கப்பட்ட தேர்வில் இச்சோதனைக்கு ஒரு மணித்துளி போதும்.

இரண்டாவது, அடுத்தடுத்து வரும் தள்ளுபடி. 20 விழுக்காடும் அதன்மேல் 10 விழுக்காடும் தள்ளினால் மொத்தம் 30 விழுக்காடு என்று எண்ணுவது இயல்பே. ஆனால் 1,000 ரூபாயில் 200 போக 800. அந்த 800இல் 10 விழுக்காடு 80 போக 720. போனது 280, அதாவது 28 விழுக்காடு. இரண்டாவது தள்ளுபடிக்கு நூறாக அமைவது முதல் விலை அன்று, குறைந்துவிட்ட விலை. முதலில் 10 தள்ளிப் பின்னர் 20 தள்ளினாலும் 900இல் 180 போக 720தான். வரிசை மாறினும் விடை மாறாது. வரி சேர்ந்து வரும் கணக்குக்கும் இதே நெறிதான். 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 20 விழுக்காடு தள்ளி, எஞ்சியதன்மேல் 5 விழுக்காடு வரி சேர்த்தால் 840 ரூபாய். இருபதில் ஐந்தைக் கழித்து 15 விழுக்காடே குறைவு, ஆகவே 850 என்று கூறுவது பிழை.

மூன்றாவது, ஏற்றி இறக்கும் கணக்கு. "ஒரு வணிகர் அடக்க விலையைவிட 40 விழுக்காடு கூடுதலாக விலை குறித்து, குறித்த விலையில் 25 விழுக்காடு தள்ளுபடி அளித்தார், இலாபம் எத்தனை விழுக்காடு?" நாற்பதில் இருபத்தைந்தைக் கழித்துப் பதினைந்து என்பது விரைந்து வரும் விடை, தவறான விடையும் அதுவே. அடக்கம் 100 என்று கொண்டால் குறித்தது 140. அந்த 140இல் 25 விழுக்காடு 35. விற்றது 105. இலாபம் 5 விழுக்காடு. இதே வழியில் 20 விழுக்காடு ஏற்றி 20 விழுக்காடு இறக்கும் வணிகர் முன்னிருந்த இடத்துக்கே வந்து சேர்வார் என்று எண்ணினால் அதுவும் பிழை. 100 என்பது 120 ஆகி, 120இல் 24 போய் 96 ஆகிறது. அவருக்கு 4 விழுக்காடு நட்டம். 25 ஏற்றி 20 இறக்கினால்தான் கைப்பொருள் கூடாமலும் குறையாமலும் நிற்கும்.

நான்காவது, விழுக்காடு என்னும் சொல்லே இல்லாமல் வரும் தள்ளுபடி. "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதில் தள்ளுபடி எத்தனை விழுக்காடு? மூன்றுக்கு ஒன்று எனக் கொண்டு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 விழுக்காட்டுக்கும் சற்று மேல் என்பர். வீட்டுக்கு வருவன நான்கு பொருள்கள். பணம் கொடுத்தது மூன்றுக்கு. நான்கின் விலையில் ஒன்றின் விலை நீங்கியது. ஆகவே 25 விழுக்காடு. இங்கும் "எதில்?" என்பதே திறவுகோல்.

இந்நான்கு இடங்களிலும் பயன்பட்டவை கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலுமே. ஐந்தாம் வகுப்பு மாணவர் அறியாத கணக்கு எதுவும் இவற்றுள் இல்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

சூத்திரம் போதாதா?

போட்டித் தேர்வுக்குப் பயிற்சியளிப்போர் இதற்கு ஒரு மறுப்புரைப்பர். "தேர்வில் நேரம் குறைவு. ஒன்றிய அரசுப் பட்டதாரி நிலைத் தேர்வின் முதற்கட்டத்தில் 60 மணித்துளிகளில் 100 வினாக்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் உண்டு. உருபையும் தொகையையும் ஆராய அங்கே பொழுதேது? சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் நொடியில் விடை வந்துவிடும்" என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. அடுத்தடுத்த இரு தள்ளுபடிகளுக்கு, இரண்டையும் கூட்டி, இரண்டின் பெருக்கற்பலனில் நூறில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்க என்னும் குறுக்குவழி சரியானதே. இருபதும் பத்தும் முப்பது, பெருக்கினால் இருநூறு, அதன் நூறில் ஒரு பங்கு இரண்டு, ஆக 28.

ஆனால் சூத்திரம் வினாவைப் படித்துக் காட்டுவதில்லை. வினாவைப் புரிந்துகொண்டவர் கையிலேதான் அது கருவியாகப் பயன்படும். தள்ளுபடிக்கு ஒன்று, தள்ளுபடியிலிருந்து குறித்த விலை காண ஒன்று, இலாபத்துக்கு ஒன்று, நட்டத்துக்கு ஒன்று என இருபது சூத்திரங்களை நெட்டுருச் செய்தவர், இரண்டாவது தள்ளுபடியைக் குறித்த விலையில் கணக்கிடச் சொல்லி வினா சற்றே திரும்பி நின்றாலும் திகைத்துவிடுகிறார். செய்யுளைப் பொருளுணராமல் ஒப்பிப்பவர் ஒரு சொல் மறந்தவுடன் நின்றுவிடுவதில்லையா? அதுபோன்றதே இதுவும். எது நூறு என்று கண்டுகொண்டவருக்குச் சூத்திரம் மறந்தாலும் கணக்கு மறவாது. விரைவு வேண்டும், ஆனால் விரைவு தெளிவின் பிள்ளையாகப் பிறக்க வேண்டும்.

முன்னோர் விட்டுச் சென்றது

விழுக்காடு நமக்கு அயலான ஒன்றன்று. தமிழர் தம் கீழ்வாய் இலக்கத்தில் இருபதில் ஒரு பங்கை மா என்றனர். ஐந்து விழுக்காடு என்று இன்று கூறுவதே அது. பத்தில் ஒன்று இருமா; ஐந்தில் ஒன்று நாலுமா; நாற்பதில் ஒன்று அரைமா. திண்ணைப் பள்ளியில் படித்தவர்கள் இவற்றை வாய்பாடாகவே அறிந்திருந்தனர்.

இஸ்லாம் பொருளின்மீது விதித்துள்ள கடமைகளை இவற்றோடு ஒட்டி நோக்கினால் ஓர் அழகிய ஒழுங்கு புலப்படுகிறது. மண்ணிலிருந்து வெளிப்படும் புதையலில் ஐந்தில் ஒன்று. மழைநீரால் விளைந்த விளைச்சலில் பத்தில் ஒன்று. நீரிறைத்துப் பாய்ச்சி விளைவித்ததில் இருபதில் ஒன்று. ஓராண்டு கையிருந்த பொன்னிலும் பணத்திலும் வணிகச் சரக்கிலும் நாற்பதில் ஒன்று. நம் தமிழ் வாய்பாட்டில் கூறினால் நாலுமா, இருமா, ஒருமா, அரைமா. மனித உழைப்பு கூடக் கூட, கொடுக்க வேண்டிய பங்கு பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வருகிறது.

இங்கும் "எதில்?" என்னும் வினா தலையாயது. வணிகர் ஸகாத் கணக்கிடும்போது 2.5 விழுக்காட்டை அவ்வாண்டு அடைந்த இலாபத்தில் மட்டும் காண்பாராயின் கடமை நிறைவேறியதாகாது. கையிருப்புப் பணத்தையும், விற்பனைக்கு வைத்துள்ள சரக்கின் அன்றைய மதிப்பையும் கூட்டிய தொகையில் அதனைக் காண வேண்டும். 2 இலட்சம் இலாபத்தில் 2.5 விழுக்காடு 5,000 ரூபாய். 20 இலட்சம் சரக்கில் அது 50,000 ரூபாய். எதில் என்று கேளாது விட்டால் ஏழைக்குச் சேர வேண்டிய 45,000 ரூபாய் நம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். தேர்வுக்கூடத்தில் அடிப்படையை மாற்றிக் கொள்பவர் ஒன்றரை மதிப்பெண் இழக்கிறார். இங்கே மாற்றிக் கொள்பவர் பிறர் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டவராகிவிடுகிறார்.

பாக்தாது நகரில் கலீஃபா மஃமூன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அல்குவாரிஸ்மி இயற்றிய அல்ஜப்ரு நூல் இன்றைய இயற்கணிதத்துக்குப் பெயர் தந்த நூல். அந்நூலில் வணிகக் கொடுக்கல் வாங்கலுக்கென ஒரு பகுதியும், மரணசாசனத்துக்கும் பாகப்பிரிவினைக்குமென நெடிய பகுதியும் உள்ளன. விலையும் அளவும் சேர்ந்த நான்கு எண்களில் மூன்று தெரிந்தால் நான்காவதை அறியும் முறையை அவர் வணிகத்துக்கென விளக்கியிருக்கிறார். "எண்பதுக்கு 960 எனின் நூறுக்கு எவ்வளவு?" என்று மேலே நாம் கண்டது அந்த முறையே. கணக்கு என்பது அவருக்கு வாழ்வின் நேர்மையைக் காக்கும் கருவியாக இருந்தது.

நம் ஃபிக்ஹு நூல்கள் விற்பனையை வகுக்கும் முறையும் ஈண்டு எண்ணிப் பார்க்கத்தக்கது. அடக்க விலையைக் கூறி, அதன்மேல் இவ்வளவு இலாபம் என்று சொல்லி விற்பது முராபஹா. அடக்க விலைக்கே விற்பது தவ்லியா. அடக்க விலையில் இவ்வளவு குறைத்து விற்பது வழீஆ. இம்மூன்றிலும் அடக்க விலையை மறைக்காமல் உரைப்பது விற்பவர் கடமை. இன்றைய கடைத்தெருத் தள்ளுபடியோ குறித்த விலையின் மேல் நிற்கிறது. குறித்த விலையை எழுதியவர் கடைக்காரர். அதன் உண்மையை வாங்குபவர் அறியார். 500 ரூபாய் அடக்கமான பொருளுக்கு 1,500 என்று அட்டை எழுதி, 50 விழுக்காடு தள்ளுபடி என்று அறிவித்தால், 750 ரூபாய்க்கு விற்றும் 250 ரூபாய் இலாபம். அதாவது 50 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தவர் 50 விழுக்காடு இலாபமும் அடைகிறார். இலாபம் ஈட்டுவது குற்றமன்று. பொய்யான விலையை முதலில் எழுதி, அதைக் குறைத்ததாகப் புகழ் தேடுவதே குற்றம். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே, 83ஆம் அத்தியாயம், அருளப்பெற்றுள்ளது. அட்டையில் எழுதும் எண்ணும் ஓர் அளவையே என்பதை நம் சமுதாய வணிகப் பெருமக்கள் மறவார் என நம்புகின்றோம்.

ஆகவே தள்ளுபடிக் கணக்கைத் தெளிவாகக் கற்ற மாணவர் தேர்வில் வெல்வதோடு நிற்பதில்லை. வாங்குபவராகச் செல்லும்போது ஏமாறமாட்டார். விற்பவராக அமரும்போது ஏமாற்ற நாணுவார்.

செய்ய வேண்டுவன

இதுகாறும் கூறியவற்றிலிருந்து நாம் வேண்டுவன சில.

தமிழ்த்துறை, திங்கள்தோறும் ஓரிரு மணிநேரம் கணிதத் துறையோடு இணைந்து, வினாத்தாளைப் படிக்கும் பயிற்சியை நடத்தலாம். அங்கே விடை காண்பது பிறகு. முதலில் ஒவ்வொரு வினாவையும் உருபு நோக்கிப் பிரித்து, எது நூறு என்று கோடிட்டுக் காட்டுவதே பாடமாக அமைய வேண்டும். வேற்றுமையியலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டுகள் கிடைப்பது அரிது. இலக்கணம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்க்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும். கணிதத் துறையினரும் வினாவின் மொழியைக் கவனித்துக் கற்பிக்கும் பழக்கத்தை மேற்கொண்டால் அது இருதுறைக்கும் ஆக்கம்.

வணிகம் செய்யும் பெரியோர்கள் தம் கடைகளைக் கல்விக்கூடமாகக் கருதி, விடுமுறை நாட்களில் மாணவரை அமர்த்தி, கொள்முதல் சீட்டையும் விலை அட்டையையும் விற்பனைச் சீட்டையும் ஒருங்கு வைத்துக் காட்டலாம். ஆயிரம் பயிற்சி வினாக்கள் தராத தெளிவை மூன்று சீட்டுகள் தந்துவிடும். கடல்கடந்து வணிகம் நடத்திய சமுதாயத்தின் பிள்ளைகள் இலாப நட்டக் கணக்குக்கு அஞ்சுவது அப்பெரியோர்க்கும் பெருமை தருவதன்று. பெண் பிள்ளைகளுக்கு இவ்வாய்ப்பு மறுக்கப்படலாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியார் கதீஜா (ரலி) அவர்கள் பெருவணிகம் நடத்திய பெருமாட்டியார் என்பது நாம் அறியாததன்று.

மாணவர்களுக்கு நாம் சொல்ல விழைவது இதுதான். நாள்தோறும் ஐந்து வினாக்கள் போதும். ஒவ்வொன்றையும் இருமுறை படியுங்கள். முதன்முறை படிக்கும்போது எழுதுகோலைத் தொடாதீர்கள். இரண்டாம் முறை, உருபு ஒட்டிய பெயரின்கீழ்க் கோடிட்டு நூறு என்று எழுதுங்கள். அடுத்து விழுக்காடு வந்தால் நூறு மாறிவிட்டதா என்று பாருங்கள். விடை கண்டபின் அதனை வினாவுக்குள் இட்டுச் சரிபாருங்கள். ஒரு திங்கள் இவ்வாறு பயின்றவர்க்குக் குறுக்குவழிகளை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை, அவையே தேடிவரும். தமிழ் படித்தவனுக்குக் கணக்கு வாராது என்று பிறர் கூறுவதை நாமும் சேர்ந்து கூறுவதை இன்றோடு நிறுத்துவோம். சொல்லின் பொருளை நுணுகி உணரப் பயின்ற அறிவு, எண்ணின் பொருளை உணரவும் வல்லதே.

எண்ணும் எழுத்தும் இருவேறு அறிவுகள் அல்ல என்று கண்ட மரபு நம்முடையது. அம்மரபில் வந்த நம் மாணவச் செல்வங்கள் தேர்வுக்கூடத்தில் தெளிவோடும், கடைவீதியில் விழிப்போடும், கல்லாப்பெட்டியின் முன்னே நேர்மையோடும் விளங்கிட எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!